சேறு காயும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்சா துவைப்பது ஒரே ஒரு உருப்படி: முழங்கால்வரை சேறு அப்பிய பேண்ட். வீட்டுத் துணி சாயங்காலம்வரை கிடக்கலாம்; இது கிடக்கக் கூடாது. “உப்பளத்துச் சேறு காஞ்சா வெள்ளையா பூத்துக்கும், ஏரிச் சேறு கருப்பாவே நிக்கும். குரூப்ல கீறவங்க இதப் பாத்தே எங்க போயிட்டு வந்தேன்னு சொல்லிடுவாங்க” என்கிறார்.

குரூப் என்பது பறவை பார்ப்பவர்களின் இணையக் குழு. அம்சாவுக்கு வயது நாற்பத்தேழு. வீடு கேளம்பாக்கத்தில், வேலை மறைமலைநகர் உதிரிபாகத் தொழிற்சாலையில். ஆறு நாள் கம்பெனி பஸ்ஸில் போய் போல்ட்டுகளின் மரையைச் சரிபார்க்கிறார். ஏழாம் நாள் பறவைகளை எண்ணுகிறார். ‘சுமார் இருநூறு’ என்று குழுவில் யாராவது எழுதினால் பொறுக்காது. “சுமாருன்னா இன்னா? எண்ணினியா, எண்ணலியா?”

கணவர் சம்பத் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விடிந்ததும் கொண்டுபோய் விடுவது அவர்தான். “ரோட்லயே எறக்கிவுட்டுத் திரும்பிப் பாக்காம பூடணும். கட்டின புருசனுக்கே அட்ரஸ் கெடையாது” என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார்.

முன்பு இப்படி இல்லை. போன வருஷம் மே மாதம், வெறும் தரையில் மூன்று முட்டையிட்டு அடைகாத்த சின்ன ஆலாவைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினார், இடத்தை எழுதவில்லை. படத்தின் மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் யாரோ தொட்டியை அடையாளம் கண்டு, இடத்தைப் பெருமையாக எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு கேமராக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, தாய்ப்பறவை இறங்க முடியாமல் மேலேயே கத்திக்கொண்டு சுற்றியது. முட்டைகள் மதியம்வரை வெயிலில் கிடந்தன. ஒன்றும் பொரிக்கவில்லை. அன்றைய நோட்டில் பறவைகளின் பட்டியலுக்குக் கீழே அம்சா இதையும் எண்ணி எழுதியிருக்கிறார்: கேமரா, 11.

இந்த வருஷம் இன்னொரு கூடு, இரண்டு முட்டை. ‘கூடு உண்டு’ என்று மட்டும் குழுவில் போட்டார். இடம் சொல்லாத பதிவு, குழு வருஷா வருஷம் வெளியிடும் மாவட்டப் பட்டியலில் ஏறாது. அதை முடிவு செய்கிறவர் குழுவை நடத்தும் ஜான்சன். ஆறு வருஷமாக போனில் எழுத்தாகவே பழகிய மனிதர், இன்று கேமராப் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்சா துவைப்பதைப் பாதியில் விட்டு, டீ போட்டுக் கொடுத்தார்.

ஜான்சன் நல்லவர்தான். அம்சா உள்ளான் வகைகளைக் குழப்பி எழுதிய நாட்களில், நாலு பேர் பார்க்கும்படி குழுவில் போடாமல் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்தியவர். அரை மணி நேரம் வலசை, மழை என்று பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா. தூரத்துலேந்து ஒரே ஒரு படம். எடமே இல்லாத கூட்ட நான் எப்டி லிஸ்ட்ல ஏத்துறது?”

பட்டியலில் பெயர் வருவது அம்சாவுக்கு வேண்டாத ஒன்றல்ல. தன் பெயர் வந்த, இரண்டு வருஷத்துக்கு முந்தைய பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்.

“டீ ஆறிடப்போவுது சார்” என்றார்.

ஜான்சன் குடித்து முடித்தார். அவர் கண் வாசலுக்குப் போனது. அங்கே அம்சாவின் ரப்பர் பூட்ஸ். ஒட்டியிருந்த சேறு ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

“உப்பளத்துப் பக்கந்தானேக்கா?”

அம்சா எழுந்தார். ஒரு கையில் காலி டம்ளரையும் மறு கையில் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.