ஊறுகாய் தொட்டதும் வீங்கிய தாடை

கம்பெனி கேன்டீனில் தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இடது தாடைக்கு அடியில் யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல இருந்தது. தொட்டுப் பார்த்தால் முட்டை அளவுக்கு வீக்கம். ஷிப்ட் முடிவதற்குள் வற்றிவிட்டது. மறுநாள் சோற்றில் கைவைத்ததும் மறுபடி வந்தது. பசித்தவனுக்குச் சோறே எதிரி என்றால் யார்மேல் கோபப்படுவது? தட்டைத் தூக்கி எறிந்தேன்.

வடக்குப்பட்டில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஊர்க்காரன், இது பொன்னுக்கு வீங்கிதான் என்றான். அதற்குக் கழுத்தில் பொன் போடுவது எங்கள் ஊர் வழக்கம். நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டார் அவனுக்குப் போட்ட சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். அவ்வளவு நல்லவன்.

அடுத்த நாள் கம்பெனி லைனில் கூட வேலை பார்த்த எவனோ, அந்த நோய் ஒட்டிக்கொண்டால் மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காது என்று அவன் காதில் ஓதிவிட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள் வந்தவன் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அது என் கழுத்தை அறுத்துக்கொண்டு அறுந்தது.

"தையில எனக்குக் கல்யாணம்ல. தெரிஞ்சே ஒட்ட வைக்கியால?"

வீங்கிய தாடையிலேயே முஷ்டியால் குத்தினான். கடைவாய்ப்பல் உடைந்தது. நான் மட்டும் சும்மா விடுவேனா? குக்கர் மூடியால் அவன் நெற்றியைப் பிளந்தேன். வீட்டுக்காரம்மா வந்து, குடியிருக்கிற வூட்ல வெட்டிக்கினு சாவாதீங்க என்று கத்தி, இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் அவன் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். எனக்கு எப்போதெல்லாம் வீங்குகிறது என்று டாக்டர் கேட்டார். சாப்பிடும்போது மட்டும் என்றேன். எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொன்னார். வீக்கம் இன்னும் புடைத்தது. நாக்குக்கு அடியில் ஒரு விரலை விட்டு, வெளியே இன்னொரு கையால் அழுத்தினார். உயிர் போனது.

"இது ஒட்டுற நோயே இல்லப்பா. எச்சில் வர்ற குழாய்ல கல்லு அடைச்சிருக்கு."

ஸ்கேனிலும் கல் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, குழாயைக் கீறினார். வாய் நிறையச் சீழும் ரத்தமும் வந்தன. கடைசியில் துவரம்பருப்பு அளவில் ஒரு மஞ்சள் கல். உடைந்த பல்லையும் பிடுங்கிப் போட்டார்கள்.

வெளியே தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவன் கையில் அந்தக் கல்லை வைத்தேன். பார்த்துவிட்டு அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்னொரு அடி வைக்கலாம் என்றுதான் இருந்தது.

ஆனாலும் தையில் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் மாப்பிள்ளையே வந்து என் இலையில் ஊறுகாய் வைத்துவிட்டு, தாடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்துச் சங்கிலியில் பற்றவைத்த இடம் தெரிந்தது. தாடை வீங்கவில்லை. நான் வலது பக்கமாகவே மென்று சாப்பிட்டேன்.