கொமுரய்யாவின் மைக்கும் மூன்றாம் வகுப்பும்

தெலங்கானாவின் ஜனகாம ஊரில் கொமுரய்யாவின் மைக்செட் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. பதுகம்மா பண்டிகை, பிள்ளையார் ஊர்வலம், தேர்தல், எதுவானாலும் அவர்தான். தொழிலில் அவருக்கு இரண்டே சட்டம். பேசுகிறவர் மேடையேறும்வரை மைக்கைத் திறக்கக்கூடாது. கூட்டத்தின் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாது.

கொரோனா வந்து பள்ளிகளுக்குத் திடீரென்று பூட்டு விழுந்தது. மூன்று மாதம் கழித்து, தனியார் பள்ளி நடத்தும் கிஷன்ராவ் அவருக்கு ஆளனுப்பினார்.

"இனிமே பாடமெல்லாம் போன்லதான் கொமுரய்யா. எவனைக் கேட்டாலும் மைக்கைப் போடு, மைக்கை அணைன்றான். ஊர்ல மைக் தெரிஞ்ச ஆளு நீதானே?"

"அது வேற மைக்கு சார்."

"மைக்குல என்னய்யா வேற மைக்கு? வந்து டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடு."

பதினொரு ஆசிரியைகளில் பத்துப் பேர் இரண்டே நாளில் தேறிவிட்டார்கள். என்ன, பத்துப் பேரும் பாடத்தை "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தொடங்கினார்கள். பதினோராவது ஆள்தான் தகராறு. மூன்றாம் வகுப்பு அனசூயா டீச்சர், கொமுரய்யாவின் சொந்த மனைவி. கட்டின புருஷனிடம் உட்கார்ந்து பாடம் கேட்பதாவது!

கிஷன்ராவ் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோரெல்லாம் பார்ப்பார்கள். வகுப்பு சொதப்பினால் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பு டீச்சரே சேர்த்துப் பார்ப்பார், அனசூயா வீட்டிலேயே இருக்கலாம். அதைக் கேட்டதிலிருந்து அனசூயாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே மூன்று மாதமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, கொமுரய்யா தன் மைக் ஸ்டாண்டில் அவள் போனைக் கட்டினார். தன் சட்டப்படி அவள் மைக்கை மூடிவைத்தார். கூட்டமாயிற்றே என்று பிள்ளைகள் மைக்கையும் மொத்தமாக மூடினார். பிறகு அடுப்பில் அரிசிமாவு சர்வபிண்டி ரொட்டி தீய்கிற வாசனை வந்து உள்ளே ஓடினார்.

அனசூயா வந்து நின்றாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சட்டென்று எழுந்தார்கள். டீச்சர் 'உட்காருங்க' என்று சொல்லாமல் அவள் வகுப்பில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. திரையில் ஒரு முகமும் இல்லை, வெறும் வயிறுகள். மேலே டை தொங்க, கீழே அப்பாவின் லுங்கி, பைஜாமா, ஒருவனுக்கு ஈரத்துண்டு.

"உட்காருங்க" என்றாள். வயிறுகள் அசையவில்லை. "உட்காருங்கடா!" என்று கத்தினாள். அம்மாக்களின் கைகள் வந்து தோள்களை அழுத்தின. அழுத்திய வேகத்தில் பிள்ளைகள் மறுபடி எழும்பினார்கள். அவமானத்தில் கண் கலங்க, அவள் திரும்பிக்கொண்டு போர்டில் ஏழாம் வாய்பாட்டை எழுதத் தொடங்கினாள்.

கொமுரய்யாவின் போன் அடித்தது. கிஷன்ராவ்.

"யோவ், சத்தமே வரலைய்யா! பதினெட்டு நிமிஷமா நிக்குதுங்க!"

போச்சு, பெண்டாட்டி வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று கொமுரய்யா கரண்டியோடு ஓடிவந்தார். எத்தனையோ மந்திரிகளுக்கு மைக் போட்ட கையால் அவள் போனில் மைக் பொத்தானை அமுக்கித் திறந்தார்.

"அனசூயா, இப்ப சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? உட்காருங்கடா கண்ணுங்களா" என்றாள், அழுகைக் குரலில்.

முப்பத்தெட்டு முகங்களும் ஒரேயடியாகத் திரைக்குள் இறங்கின. ஒருத்திக்குப் பல் விழுந்திருந்தது. ஒருவனுக்கு வீட்டிலேயே முடி வெட்டி மண்டை மேடும் பள்ளமுமாக இருந்தது. அனசூயா வருகைப்பதிவைப் படிக்க ஆரம்பித்து, ஆறாவது பெயரையே மூன்று தடவை படித்தாள்.

கொமுரய்யாவின் போனில் கிஷன்ராவ் இன்னும் லைனில்தான் இருந்தார்.

"பேரண்ட்ஸெல்லாம் ஒரே குரலா வேற டீச்சரே வேணாம்னுட்டாங்கய்யா. எங்க சொல்லுக்கு ஒரு நிமிஷம் நிக்காத பிள்ளை, டீச்சர் சொல்லாம உட்கார மாட்டேங்குதுன்றாங்க. அனசூயாம்மாவே இருக்கட்டும்."

கொமுரய்யா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அதை மனைவியிடம் சொன்னார். அனசூயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அதை மூடிவைத்தது யாரென்று விளங்கிவிட்டது.

"பிள்ளைங்களா, ஏழாம் வாய்பாட்டை எழுதிக்கிட்டு இருங்க" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏய்யா, அந்த மைக்கை இப்ப மூடு."