முப்பத்தொரு பொம்மைகளின் ஈரவாடை

ஈரவாடை போக்கும் தொழிலில் முதலில் கெட்டுப்போவது தொழில் செய்கிறவனின் மூக்கு. ஒரு மூட்டையைப் பிரித்து ஐந்து நிமிடம் ஆனால் வாடை போய்விட்டதுபோல் இருக்கும். போயிருக்காது, நமக்குப் பழகியிருக்கும். மழைக்காலத்தில் பீரோவிலிருந்து அவசரமாக எடுத்த சட்டையோடு கல்யாணத்துக்குப் போய், பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல நகர்ந்து உட்காருவதைப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருவனந்தபுரம் ஆரியசாலைச் சந்தில் இரண்டு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், எட்டு ஃபேன், உதவிக்குச் சரோஜம் சேச்சி. இதுதான் என் கடை. ஜூன் மாத இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் என்னால் உட்கார முடியாது. வானத்தைப் பார்க்க வாசலுக்கும் துணியை மோந்து பார்க்க உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

வெளியூர் போய் வந்த மூக்கு

கோயிலைச் சுற்றிய கோட்டைத் தெருவிலிருந்து ஒரு மாமி ஆட்டோவில் வந்தார். இரண்டு கம்பளி, ஒரு ஜமக்காளம், நான்கு பட்டுப்புடவை. எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காக இருந்தவை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் கம்பளியைப் போர்த்திய உடனே தும்மத் தொடங்கினானாம். பட்டுப்புடவையைத் தண்ணீரில் போட மாட்டேன், ஃபேன் காற்றில் நிழலில் விரித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல், “இத்தனை நாள் உங்களுக்கு வாடை தெரியலையா மாமி?” என்று கேட்டேன்.

“பெட்டி இருந்த எடத்துலேயேதான் இருக்கு. மூக்குதான் துபாய்க்குப் போயிட்டு வந்திருக்கு.”

பத்தாவது குழந்தை

பள்ளிகள் திறக்கிற வாரத்தில் பிந்து டீச்சர் மூன்று அட்டைப்பெட்டிகளோடு வந்தார். வாடகை வீட்டில் பிளே ஸ்கூல் நடத்துகிறவர். கோடை விடுமுறையில் பூட்டிக்கிடந்த அறையில் வேனல் மழை ஒழுகி, பஞ்சு பொம்மைகள் எல்லாம் ஊறிப்போய்விட்டன. கரடி, முயல், குரங்கு, குழந்தை உயரத்துக்கு ஒரு யானை, மொத்தம் முப்பத்தொன்று.

“ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தாச்சு அண்ணாச்சி. பத்தாவது இல்லைன்னா வாடகைக்கே கட்டாது, இந்த வருஷம் மூட வேண்டியதுதான். நேத்து ஒரு அம்மா வந்து கரடியைத் தூக்கினாங்க, மூக்கைப் பொத்தினாங்க, போயிட்டாங்க. திங்கட்கிழமை காலையில ஒரு குடும்பம் வருது. அதுதான் கடைசி.” சொல்லும்போது அவர் கை முயலின் காதைத் திருகிக்கொண்டே இருந்தது.

அவர் போனதும் சேச்சி பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது துணி இல்லை அண்ணாச்சி, ஒரு டீச்சரோட சோறாக்கும். பார்த்துத் தண்ணியில இடணும்.”

சாம்பிராணி

முதல் நாள் சோப்புத் தண்ணீர், அலசும்போது கொஞ்சம் வினிகர், பிறகு டிரையர். மறுநாள் ஆப்ப சோடா தூவிக் கோணியில் கட்டிவைத்து, உதறி எடுத்தோம். எனக்கு நிம்மதி வரவில்லை. மோந்து பார்ப்பேன், ஒன்றும் இல்லை. தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து மோந்தால் இருப்பதுபோல் தோன்றும். பொறுக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் துணிக்குப் புகை போடுவதில்லையா? அதேபோல் சட்டியில் கனல் போட்டு, சாம்பிராணி தூவி, முப்பத்தொன்றையும் சுற்றி உட்காரவைத்துப் புகை காட்டினேன்.

வியாழக்கிழமை டீச்சர் வந்தார். ஒரு குரங்கை எடுத்து முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே என்னைப் பார்த்தார்.

“நான் நடத்துறது பிளே ஸ்கூலா, பஜனை மடமா அண்ணாச்சி?”

எல்லாவற்றையும் மறுபடி நனைத்தோம்.

வள்ளியூர் பரிசோதனை

சனிக்கிழமை காலை எல்லாம் காய்ந்துவிட்டன. காய்ந்துவிட்டன என்று நானும் சேச்சியும் சொன்னோம். எங்கள் பேச்சை நாங்களே நம்பவில்லை. இதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், மழை எட்டாத ஊரிலிருந்து வந்து இறங்குகிறவரின் மூக்குக்கு முதல் பத்து நிமிடம் எதுவும் தப்பாது. அதற்குப் பிறகு அதுவும் திருவனந்தபுரத்து மூக்காகிவிடும். என் மனைவியின் தம்பி இசக்கி அன்று வள்ளியூரிலிருந்து கொத்தனார் வேலைக்கு வருகிறான். டீ குடிப்பதற்குள் அவனைப் பிடிக்க வேண்டும்.

பொம்மைகளை இரண்டு சாக்கில் கட்டித் தம்பானூர் பஸ் நிலையத்துக்கே கொண்டுபோனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவனை ஒரு தூணோரம் நிறுத்தி ஒவ்வொன்றாக நீட்டினேன். மீசை வைத்த ஆள், தோளில் கரணைப் பையோடு, முயலை முகர்ந்து தலையாட்டுகிறான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. “விற்கிறதா?” என்று ஒருவர் விலை கேட்டார். முப்பது பொம்மை தேறியது. யானையை மட்டும் அவன் திருப்பித் திருப்பி மோந்தான், வயிற்றில் மூக்கை அழுத்தினான்.

“மத்ததுலாம் சரிதான் அத்தான். இந்த யானை மட்டும் வயித்துக்குள்ள மழையை வச்சிருக்கு.”

ஞாயிறு

தையலைப் பிரித்தால் உள்ளே பஞ்சு பிழிகிற பதத்தில் இருந்தது. தோலைக் காயவைத்துவிட்டு யானை காய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். பழைய பஞ்சை வீசிவிட்டு, சாலைக் கடைத்தெருவில் புதுப் பஞ்சு தேடினால் ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு. தலையணை விற்கிறவர் ஒருவரின் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மழையில் நின்ற என்னை அவர் உள்ளே கூப்பிடக்கூட இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

“யானைக்கு ஆபரேஷனாம். கடைச் சாவியை எடு.”

திங்கட்கிழமை

மற்ற முப்பதையும் சனிக்கிழமையே கொடுத்தாகிவிட்டது. சேச்சி தைத்துக் கொடுத்த யானையோடு நான் பிளே ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த அந்தக் குடும்பம் முன்பே வந்திருந்தது. யானையை டீச்சர் கையில் கொடுத்த பிறகும் திரும்பிப் போக மனம் வரவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலிலேயே சுற்றினேன். அந்தம்மா யானையை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. “பொம்மையெல்லாம் சுத்தமா இருக்கு. சுவர்லதான் வாடை அடிக்குது” என்றார் அந்தம்மா.

பொம்மைகளின் வாடையில் சுவரின் வாடை இத்தனை நாள் ஒளிந்திருக்கிறது. டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் வாசல் கார் ஷெட்டில் விரித்தார். முப்பது பொம்மைகளையும் அங்கே மாற்றினார். மேலே ஓடு, மூன்று பக்கமும் காற்று. “சுவர் காயற வரைக்கும் கிளாஸ் இங்கதான்” என்றார். அந்தக் குழந்தை அதற்குள் யானையை இழுத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தது. அம்மா ஷெட்டின் நாலு மூலையும் போய்ப் பார்த்தார், பிறகு பேனா கேட்டார். பத்தாவது பிள்ளை சேர்ந்தாகிவிட்டது.

அவர்கள் ஆட்டோ திரும்புகிறவரை சிரித்த முகத்தோடு நின்ற டீச்சர், பிறகுதான் என் பக்கம் வந்தார்.

“சுவரை எடுக்க எப்ப வருவீங்க அண்ணாச்சி?”

இந்த ஊரில் ஈரத்தை ஒழித்தவர் யாருமில்லை, அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதைத்தான் நான் தொழில் என்று சொல்லிக்கொள்கிறேன்.