சதுரப் பாராசூட்

அப்போது நான் ராணுவத்தில் பாராசூட் பயிற்சிக்குப் புதியவன். லீவில் நகரிக்கு வந்ததும், எனக்கு முன்பே குதித்துத் தேறிய நண்பன் சாலமோனைப் பார்க்கச் சித்தூருக்குப் போனேன்.

“வட்டப் பாராசூட் சலிச்சுப்போச்சுடா. வேகமா போற சதுரத்துக்கு மாறட்டுமா?” என்று கேட்டேன்.

“அவசரப்படாத. வட்டத்துலயே நல்லா எறங்கக் கத்துக்கோ.”

நான் உள்ளே வந்தபோதும் அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. என்ன திமிர் என்று எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது, “ஜெபம் பண்ணிட்டுப் போங்கண்ணா” என்றாள் அவன் மனைவி. அவர்கள் வீட்டில் ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான்.

“சதுரத்துல எறங்கிக்கினு இருந்தப்போ விழுந்துட்டாருண்ணா. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல” என்று அழுதாள்.

அவன் கண்களை மூடினான். “ஆண்டவரே, இவன் கால் தரையில மெல்லப் படட்டும்.”

ஆமென் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பிறகு, ஒவ்வொரு முறை தரையில் கால் பட்டபோதும் சொன்னேன்.