இரும்பு ராட்சசனின் நிறைகுறைகள்

அந்த விளையாட்டைப் பற்றி இன்றைக்கு யார் கேட்டாலும் நிறை, குறை இரண்டையும் மூச்சு விடாமல் சொல்வேன். சின்ன வயதில் ஒருமுறை அப்படிச் சொல்லி என்ன ஆயிற்று என்பதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. பெங்களூரில் வேலை பார்த்த மாமா ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு சிடியையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சிடிக்குள் மூன்று மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு ராட்சசன். அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து நாம் அவனை நடத்த வேண்டும், எதிரே வரும் ராட்சசர்களைச் சுட வேண்டும். அதே மாதத்தில்தான் அப்பாவின் வலது கை கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் மாட்டி, மூன்று விரல்கள் போயின. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்த அந்த அரையாண்டு லீவைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

விளையாட்டு முழுக்கப் பனி. ஜன்னலுக்கு வெளியிலும் ஓசூர்ப் பனி. எது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. ராட்சசன் அடி வைக்கும்போதெல்லாம் மேசைமேல் இருக்கும் டம்ளர் மெல்ல அதிரும். சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிட்டதாக அந்த வாரம் ஊரே பேசியது. திரையில் பனியை விலக்கிக்கொண்டு எதிரி வரும்போது, முதலில் யானை என்றே நினைப்பேன். ராட்சசனுக்குக் கால் தனி, இடுப்புக்கு மேலே தனி. ஒரு பக்கம் நடந்துகொண்டே இன்னொரு பக்கம் திரும்பிச் சுடலாம். அதனால் அப்பாவின் இடது கைக்குக் கால்கள், என் மவுசுக்குத் துப்பாக்கி என்று பிரித்துக்கொண்டோம்.

அப்பா சண்டைக்கே போகமாட்டார். இடிந்த ஊர்களின் நடுவே, ஆளில்லாத பாலங்களின் மேலே சும்மா நடத்திக்கொண்டிருப்பார்.

"எதிரி அந்தப் பக்கம்ப்பா."

"இருக்கட்டும் பாப்பா. கொஞ்ச நேரம் நடக்கலாம்."

அப்படி எத்தனை மத்தியானங்கள் பனிக்குள் நடந்தோமோ.

ராட்சசனிடம் ஒரு பெரிய பீரங்கி இருந்தது. தவறிப்போய் வெடிக்கக் கூடாதென்று அதற்கு இரண்டு பட்டன் வைத்திருந்தார்கள், கீபோர்டின் இரண்டு கோடியில். இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். என் ஒரு கை மவுசில், அப்பாவின் ஒரே கை கால்களில். மிச்சம் இருந்தது என் இன்னொரு கை மட்டும்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா யோசிக்கக்கூட இல்லை. ஒரு தீக்குச்சியை உடைத்து ஒரு பட்டனின் இடுக்கில் செருகினார். பட்டன் அமுங்கியபடியே நின்றது.

"இப்ப இன்னொன்ன மட்டும் அமுக்கு."

பீரங்கி வெடித்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கம்பெனில எல்லாரும் பண்றதுதான்" என்றார். சொன்ன கையோடு தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விட்டார்.

பெரியவர்கள் விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிரஸ் மெஷினுக்கும் இரண்டு பட்டன். இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் மெஷின் இறங்கும், கை உள்ளே மாட்டாது. ஆனால் அப்படி வேலை செய்தால் கேட்ட அளவுக்கு உருப்படி ஓடாது என்று எல்லோரும் ஒரு பட்டனை அடைத்துவிடுவார்கள். மெஷின் தானாக இறங்கியிருந்தால் தப்பு கம்பெனியுடையது, அப்பாவுக்கு வேறு லேசான வேலை கிடைக்கும். பட்டனை அடைத்திருந்தால் தப்பு அவருடையது, வேலை போய்விடும். தானாக இறங்கியது என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தார்.

அதை விசாரிக்கக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா கேம் இது, நல்லா இருக்கா?"

கேட்டதுதான் தாமதம், நான் பிடித்துக்கொண்டேன். பனி நன்றாக இருக்கும், நடை நன்றாக இருக்கும், கை பிய்ந்து விழுந்தால் ஷெட்டுக்குப் போய் வேறு கை மாட்டிக்கொள்ளலாம். குறை என்றால், எதிரிகளுக்கு அறிவே கிடையாது, நேராக வந்து சாவார்கள். நடுவில் சேவ் பண்ண முடியாது. பீரங்கிக்கு இரண்டு பட்டன்.

"ஆனா அதுக்கு எங்கப்பா ஒரு வழி வச்சிருக்காரு அங்கிள்" என்று தீக்குச்சியைச் செருகிக் காட்டினேன். "கம்பெனில எல்லாரும் இப்டித்தான் பண்ணுவாங்களாம்."

ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனிதர் அவர். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"சின்னப் பிள்ளைங்க இல்லாததெல்லாம் சொல்லும். அப்படித்தானே?"

"நெசமா அங்கிள், அப்பாதான் சொன்னாரு" என்றேன். சமையலறை வாசலில் நின்ற அம்மா, ஆமாம் என்று சொல்லும்படி அப்பாவுக்குத் தலையாட்டிக் காட்டினாள். அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"எம் பொண்ணு பொய் சொல்லாது சார். நாந்தான் சொன்னேன்."

வெளி ஆள் முன்னால் அப்பா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. ஆபீசர் படியிறங்கியதும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஓடி, எனக்கு வந்த அரைகுறைக் கன்னடத்தில் அதைப் பீற்றிக்கொண்டேன். திரும்பி வந்தால், அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அப்பா ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்லவில்லையே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அப்பாவின் நல்ல கையைப் பிடித்து இழுத்து, "அம்மாவையும் ஏதாச்சும் நல்லதா சொல்லுங்கப்பா" என்றேன்.