வாசிக்கும் கணினிக்குப் புது விலாசம்

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் சோதனையோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவால் என் கணவருக்குப் பார்வை போனபின், எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடி பிளட்டில் காலைச் செய்திகளை வாசித்தது ஒரு சின்னக் கணினி. உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகை, பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர். தமிழ் எழுத்தைக் குரலாக்கும் அந்த மென்பொருளைத் தொண்டர்கள் சிலர் எழுதி, யாரும் இலவசமாக எடுக்க விட்டிருந்தார்கள். அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் வரும் கட்டளைகளை வரிவரியாகப் பார்த்து அடித்து நானே பொருத்தினேன். அது வாசிக்கும், அவர் கேட்பார், நான் சமைப்பேன். எங்களுக்குள் கதைக்க வேண்டியது குறைந்துபோனது. அது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

மென்பொருளை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் பொதியாகக் கட்டி, இணையக் களஞ்சியம் ஒன்றில் வைத்திருந்தார்கள். அந்தப் பொதியைக் கொன்டெய்னர் இமேஜ் என்பார்கள். அந்தக் களஞ்சியம் மூடப்படுகிறது, எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்றிவிட்டோம், உங்கள் கணினியில் இருக்கும் பழையதை அழித்துவிட்டுப் புது விலாசத்தில் எடுங்கள் என்று குழுவில் அறிவித்தார்கள். சொன்னபடி அழித்தேன். உங்கள் கணினி வகைக்கு இங்கே பொதி இல்லை என்று புது இடம் சொன்னது. பழைய விலாசத்தில் தேடினேன். அதை ஏற்கெனவே மூடிவிட்டார்கள்.

"என்னப்பா, இண்டைக்கு வாசிக்கிறவருக்கு லீவோ?" என்றார் அவர், கதிரையில் இருந்தபடி.

"இடம் மாத்தினவங்கள். எங்கட மெஷினுக்கு உரியதை விட்டிட்டாங்கள்."

"வீடு மாறேக்க அம்மியை விட்டிட்டு வாற மாதிரியோ? கேளன் அவங்களிட்ட."

"நான் அந்தக் குழுவில ஒருநாளும் எழுதினதில்லை."

"எழுதினாக் கடிச்சுப்போடுவாங்களோ?"

ஒரு வரி எழுதினேன். பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் இருக்கும் தொண்டர் ஒருவர் உடனே அழைத்தார்.

"சொறி அன்ரி. நான் என்ட லப்டொப்பில இறக்கித்தான் புதுசுக்கு ஏத்தினனான். அது லப்டொப் வகைக்கு உரிய பொதியை மட்டும் எடுத்திட்டுது. நானும் கவனிக்கேல்ல."

"திரும்பச் செய்யேலாதோ தம்பி?"

"முதல்ல இருந்து கட்டவேணும். எல்லாருக்கும் வேலை, எப்ப எண்டு சொல்லேலாது. நீங்கள் ஒராள்தான் அந்தச் சின்ன மெஷினில ஓட்டுறியள் போல."

"பரவாயில்லை" என்றேன். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன கால்போல இருந்தது, அவ்வளவுதான்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"எப்ப எண்டு தெரியாதாம்."

கொஞ்ச நேரம் அவர் ஸ்பீக்கர் இருந்த பக்கமே முகத்தை வைத்திருந்தார். பிறகு, "அப்ப நீ வாசியன்" என்றார்.

அடுப்பில் சோறு இருக்குது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை கீழே கடையில் பேப்பர் வாங்கி வந்து முதல் பக்கத்தை வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.