சூளை வாசலில் குங்குமத் தட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் அகல் வாங்க ஒரு பட்டறைக்கு வந்திருக்கிறேன். சூளையைப் பற்றவைக்கும் முன் கற்பூரம் காட்டுகிறார்கள். குங்குமத் தட்டு பெண்களிடம் வருகிறது. பொம்மைகளுக்குக் கண் எழுதும் செல்வியின் முன் மட்டும் தயங்கி நின்று, அடுத்தவளிடம் போகிறது. நான் கவனித்ததைச் செல்வி பார்த்துவிடுகிறாள்.

“எங்க வூட்டுக்காரரு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாருங்க. அங்க ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போன படகு கவுந்துடுச்சு. இவரோட எங்க தெருக்காரங்க நாலஞ்சு பேரும் அதுல இருந்தாங்க. ஒடம்பு வந்த வூட்டுல அழுது முடிச்சுட்டாங்க. இவரு ஒடம்பு கெடைக்கல. என்னைய நல்லதுக்குக் கூப்புடுறதா வேணாமான்னு ஊருக்கு இன்னும் தெரியலீங்க.”

பட்டறை வாசலில் ஒரு வேன் வழி கேட்டு நிற்கிறது. மணிமுத்தாற்றில் அஸ்தி கரைக்க வந்த வெளியூர்க்காரர்கள். ஒருவர் மடியில் துணி கட்டிய கலயம் இருக்கிறது. வேன் திரும்பும்வரை செல்வி அதையே பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய், சூளை வாசலில் வைத்த தட்டிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் அழுத்தி வைக்கிறாள்.

“நாளைக்கே வந்து நின்னாருன்னா, ஏன் நெத்தி வெறுமையா இருக்குதுன்னு கேக்க மாட்டாருங்களா?”